வேண்டாம் என்று யாரும் சொல்லாத நாய்க்குட்டிகள்

என் வீட்டுக்காரர் மாட்டு டாக்டர். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு சந்தை ஊரில், சர்க்கார் மாட்டாஸ்பத்திரியில் அவருக்கு வேலை. யுத்தம் தொடங்குவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பு நாங்கள் அங்கே குடிபோனோம். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை, மாடுகளைக் கட்ட ஒரு கொட்டகை, முரட்டுக் காளைகளை நிறுத்திப் பூட்ட ஒரு மரச்சட்டம், அவ்வளவுதான். பின்சுவரை ஒட்டி எங்கள் குவார்ட்டர்ஸ். சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஏதாவது ஒரு எருது என்னைப் பார்த்துக்கொண்டு அசை போடும். நானும் அதைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிப்பேன்.

அங்கே அதிகம் நடந்த வைத்தியம் காளைகளுக்குக் காயடிப்பது. முன்னெல்லாம் கல்லை வைத்து நசுக்குவார்களாம். இவர் பெரிய இரும்பு இடுக்கியால் ஒரே அழுத்தில், ரத்தம் வராமல் முடித்துவிடுவார். சந்தை நாளில் காளைகளோடு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். காயடித்தால்தான் காளை ஏருக்கும் வண்டிக்கும் அடங்கும் என்பது அந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அப்படிச் சுற்றுவட்டாரத்துக் காளைகளை எல்லாம் அடக்கியவருடைய வீட்டில்தான் ஒரு பெட்டை நாய் வருஷத்துக்கு இரண்டு தரம் குட்டி போட்டுக்கொண்டிருந்தது. செந்நிறம் என்பதால் அதைச் செவலை என்று கூப்பிடுவோம். அது எங்களோடு வந்த நாய் இல்லை. எங்களுக்கு முன்பு அங்கே இருந்த டாக்டர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போனது. நாங்கள் வண்டியில் இருந்து பாத்திரங்களை இறக்கியபோது படியில் உட்கார்ந்து, எது எங்கே போகிறது என்று மேற்பார்வை பார்த்தது. அன்றைக்கே எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று. அது அப்போது நிறைசூலி என்பது மறுநாள்தான் தெரிந்தது.

சூட்டுக் காலம் வந்தால் நாலு ஊர் ஆண் நாய்களும் எங்கள் வாசலில் கூடிவிடும். காது கிழிந்ததும் கால் நொண்டுவதும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு கிடக்கும். மாடு கொண்டுவந்தவர்கள் உள்ளே வர முடியாது. செவலையை வைக்கோல் அறையில் போட்டுப் பூட்டிப் பார்த்தேன். வெளியே ஒன்று சுவருக்கடியில் பள்ளம் பறித்தது. உள்ளே இதுவும் பறித்தது. இரண்டும் நடுவில் சந்தித்துக்கொண்டன. அதற்கப்புறம் அறுபது நாள் எண்ணிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு ஈற்றுக்கு ஆறு, சில சமயம் ஏழு. பெட்டைக் குட்டிகளைக் கண் திறப்பதற்கு முன்பே சாக்கில் கட்டிக் கிணற்றில் போட்டுவிடுவது அங்கே பல வீடுகளில் வழக்கம். எங்கள் ஆஸ்பத்திரிக் காவல்காரரும் முதல் ஈற்றின்போது சாக்கோடு வந்து நின்றார். நான் போட்ட சத்தத்தில் சாக்கைக் கீழே போட்டுவிட்டுப் போனார். ஒரு குட்டிகூடச் சாகக் கூடாது, அத்தனையையும் நானே வீடு பார்த்துக் கொடுக்கிறேன் என்று அன்றைக்குச் சபதம் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் சபதமும் கூடவே வந்துவிடும்.

வீடு பார்ப்பது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. மாடு கொண்டுவந்தவர் கொட்டகை நிழலில் காத்திருப்பார். ஒரு செம்பு மோர் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் குடித்து முடித்து வாயைத் துடைக்கும் நேரம் பார்த்து, இடுப்பில் வைத்திருக்கும் குட்டியை அவர் கையில் கொடுத்து, தோட்டத்துக்குக் காவலாக இருக்கும், கொண்டுபோங்கள் என்பேன். ஒருவர்கூட மறுத்ததில்லை. "ஆகட்டுங்க" என்பார்கள். தலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனவர் உண்டு. சந்தையில் வாங்கிய மிளகாயோடு கூடையில் வைத்துப் போன பெண்பிள்ளை உண்டு. ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டர் அந்த ஊர்க்காரர்தான். அவருக்கு ஈற்றுக்கு ஒன்று என்று கொடுத்தேன். ஒவ்வொரு தரமும் "ஆகட்டுங்க அம்மா" என்றார்.

நான் ஆத்தூருக்குக் கிழக்கே பிறந்தவள். எங்கள் பக்கத்தில் வேண்டாதவன் வேண்டாம் என்பான். அதோடு நிறுத்தாமல், குட்டியின் வால் சரியில்லை, காது சரியில்லை என்று அதன் தாயையும் சேர்த்துப் பழித்துவிட்டுப் போவான். இவர்களோ சிரித்த முகத்தோடு ஆகட்டுங்க என்கிறார்கள். இந்த மேற்கத்தி ஜனங்களுக்கு நாய் என்றால் உயிர் என்று நம்பினேன். என் அம்மாவுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. மூன்றாம் வருஷம் கொட்டகை காலியாகத் தொடங்கியது. சந்தை நாளில்கூட இரண்டு காளை, மூன்று காளை. ஆஸ்பத்திரிக்கு வரும் கால்நடை ஏன் குறைந்துபோயிற்று என்று சேலத்து மேலதிகாரியிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இவர் அதைப் படித்துவிட்டுப் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார். தாம் ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போட்டதால் இந்தப் பக்கத்து மாடுகளுக்கு நோயே இல்லாமல் போயிற்று என்று பதில் எழுதினார். நானும் ஆமாம் போட்டேன். கம்பவுண்டர் அந்தக் கடிதத்துக்குத் தபால் தலை ஒட்டினார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

எங்களுக்குத் தினமும் தயிர் கொடுத்தவர் ஒரு கைம்பெண். கால் மணி நேர நடையில் இருக்கும் தோட்டத்தில் ஒரே ஒரு எருமையை வைத்துக்கொண்டு பிழைத்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அவருக்கும் முந்தின ஈற்றில் ஒரு பெட்டைக் குட்டியைத் தயிர்க்கூடையில் வைத்து அனுப்பியிருந்தேன். அந்த ஐப்பசி மழையில் மூன்று நாள் அவர் வரவில்லை. தயிர் இல்லாமல் மூன்று நாளும் ரசச் சோற்றோடு இலையை விட்டு எழுந்த கோபத்தில் இருந்தேன். நாலாம் நாள் வெறுங்கையோடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். எருமை செத்துப்போயிற்றாம். பக்கத்துத் தோட்டத்து மாட்டுக்கும் இப்போது தொண்டை வீங்கியிருக்கிறது, டாக்டர் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்.

தொண்டை அடைப்பான். முதல் நாளே வந்திருந்தால் சீரம் ஊசி போட்டுப் பார்த்திருக்கலாம். இவருக்கு வந்த கோபத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். தினம் இந்த வாசலைத் தாண்டித்தானே தயிர் கொண்டுவருகிறீர்கள், ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு என்று கத்தினார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உள்ளே நான், ஈன்று நாலு நாளே ஆன செவலைக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த ஈற்றில் ஏழு. கம்பவுண்டர் மெதுவாக, சொல்லுங்கள் அக்கா, பரவாயில்லை என்றார். அவர் கம்பவுண்டரைப் பார்த்து, எனக்குக் கேட்கக் கூடாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

"செவல ஈன்றுக்குதுன்னு சொன்னாங்க. இன்னொரு குட்டியக் குடுத்தா ஊட்டுல என்னங்க பண்றது? ஒரு நாளு பொறுத்துப் பாக்கலாமுன்னு இருந்துட்டனுங்க."

எனக்குக் கேட்டுவிட்டது. கையில் இருந்த கஞ்சிக் கரண்டி அப்படியே நின்றது.

அவர் போன பிறகு கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருஷமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் அவருக்கு அன்றைக்கு வெளியே வந்தது. டாக்டர் வீட்டம்மா மோரும் கொடுத்து, நாயும் கொடுத்தால் யாராலும் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாதாம். அது அங்கே மரியாதை இல்லையாம். அதனால் செவலை குட்டி போட்ட செய்தி கிடைத்ததும், மாட்டுக்கு நோய் என்றால்கூடத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறார்களாம். போக முடியாதவர்கள் வீட்டிலேயே வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். சந்தைக்கு வருகிறவர்கள் முதலில் தூர நின்று செவலையின் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டை இந்தப் பக்கம் திருப்புவார்களாம். ஆக, ஊரில் நோய் தீர்க்க வைத்த ஆஸ்பத்திரியை நான் ஒருத்தி மோர் கொடுத்தே காலி செய்திருக்கிறேன். ஒரு ஏழையின் எருமையையும் கொன்றிருக்கிறேன். சிரிக்கத்தான் தோன்றும், ஆனால் அன்று நான் அழுதேன்.

அன்று சாயங்காலமே இவரிடம் சொன்னேன். காளைக்குச் செய்கிற மாதிரி செவலைக்கும் ஏதாவது செய்யுங்கள், இனிமேல் இந்த வீட்டில் குட்டியே பிறக்கக் கூடாது என்றேன். அப்படி ஒன்று உண்டு என்றார். வயிற்றைத் திறந்து சினைப்பையை எடுத்துவிட வேண்டும். சென்னைக் காலேஜில் வாத்தியார் செய்தபோது இவர் பக்கத்தில் நின்று மயக்க மருந்து பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். தாமாகச் செய்ததில்லை. பிசகினால் நாய் செத்துப்போகும் என்றார். ஆனாலும் இரண்டு வருஷமாக ஏன் ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். இவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"குட்டி இருக்கிற ரெண்டு மாசமும் நீ வேற மனுஷியா இருக்கே. வீட்டில பேச்சும் சிரிப்புமா இருக்கு. அதை எப்படி என் கையாலேயே நிறுத்தறது?"

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து வருஷம். குழந்தை இல்லை. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. எனக்காகத்தான் இவர் சும்மா இருந்திருக்கிறார். நானோ, வருகிறவர்களுக்குக் குட்டி கொடுப்பதால் இவருக்கு ஊரில் நல்ல பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்து ஜனங்களைச் சொல்லி என்ன பயன்? வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

செய்தி வெளியே போனதும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மனைவி ஓடிவந்தார். வயிறு திறக்காத வீட்டில் வாயில்லாச் சீவனின் வயிற்றை அடைப்பது பாவம், அது உனக்குத்தான் வந்து சேரும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை. இத்தனை நாளாகச் செவலை எனக்கும் சேர்த்துத்தான் பெற்றுக்கொண்டிருந்ததா, அப்படியானால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன். அவர் ஒரு மாசம் என்னோடு பேசவில்லை. பிற்பாடு எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தபோது முதலில் காப்பரிசி கிளறிக் கொண்டுவந்தவரும் அவரே.

ஏழு குட்டிகளும் பால் மறக்கும்வரை காத்திருந்தோம். இந்தத் தரம் யார் கையிலும் நான் திணிக்கவில்லை. கொல்லிமலை அடிவாரத்தில் ஆட்டுப்பட்டி போட்டிருந்தவர்கள் காவலுக்கு நாய் கேட்டு, தாங்களாகவே வந்து ஐந்தை எடுத்துப்போனார்கள். உண்மையில் வேண்டும் என்பவர்கள் வாசலிலேயே குட்டியின் வாயைத் திறந்து பல் பார்த்து, தமக்கு எது வேண்டும் என்று சண்டையும் போட்டார்கள். வேண்டும் என்பதற்கும் ஆகட்டுங்க என்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மீதி இரண்டும் எங்களோடு இருந்தன.

ஆபரேஷன் காலையில் நடந்தது. முந்தின நாள் முழுவதும் செவலைக்குச் சோறு கிடையாது. அது என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காமல் இருந்தேன். கத்தியையும் கத்தரியையும் என் இட்லிப் பானையில் போட்டு வேகவைத்தேன். இவர் தம் சவரக் கத்தியாலேயே அதன் வயிற்று மயிரை மழித்தார். பிற்பாடு தமக்கு வேறு கத்தி வாங்கிக்கொண்டார். கம்பவுண்டர் காளைகளுக்கு எல்லாம் அஞ்சாதவர், ஆனால் செவலையை மேஜையில் கட்டியதும் மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். ஆகவே மயக்க மருந்தைச் சொட்டுவிடும் வேலை என்னிடம் வந்தது. துணியைக் கூம்பாகச் சுருட்டி மூக்கில் வைத்து, இவர் சொல்லும்போது ஒரு சொட்டு, நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும்.

பாதி வேலையில் செவலையின் மூச்சு நின்றுவிட்டது. விலா அசையவில்லை. நான் இவர் முகத்தைப் பார்த்தேன். வியர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. துணியை எடு என்றார். நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விலாவை இரண்டு கையாலும் அழுத்தி விட்டார், அழுத்தி விட்டார். என் கையில் அந்த நாக்கு துணி மாதிரி தொங்கியது. இன்னொரு பாவத்தையும் கட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். அப்போது செவலை ஒரு பெரிய மூச்சை இழுத்தது. கம்பவுண்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். இவர் கையை மறுபடி கழுவிக்கொண்டு மீதி வேலையை முடித்துத் தைத்தார். எல்லாம் முடிந்து வெளியே போய்க் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் செவலை கண் விழித்து, முதல் காரியமாகத் தையலை நக்கப் போயிற்று. விட்டால் ஒரே ராத்திரியில் பிரித்துவிடும். நான் ஒரு பனையோலைக் கூடையின் அடிப்பாகத்தை வெட்டி அதன் கழுத்தில் மாட்டிவிட்டேன். பத்து நாள் கழுத்தில் கூடையோடு, கதவு நிலைகளில் எல்லாம் முட்டிக்கொண்டு, தன் பழைய மிடுக்குக் குறையாமல் நடமாடியது. அதைப் பார்ப்பதற்கென்றே சந்தைக்கு வந்தவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினார்கள். தூர நின்று பார்த்தவர்கள் கிட்ட வந்தார்கள். இனிமேல் குட்டி கிடையாதுங்களா என்று கம்பவுண்டரிடம் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். அடுத்த சந்தைக்குக் காளைகள் வரிசையில் நின்றன. மேலதிகாரிக்கு இவர் என்ன எழுதினாரோ, என்னிடம் காட்டவில்லை.

குரைப்பு போய்விடும், காவல் காக்காது, சோம்பிப்போகும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. ஒன்றும் போகவில்லை. எலும்பு தெரிந்த விலாவில் சதை பிடித்தது. முலைகள் தொங்கி, பால் கொடுத்தே வற்றிப்போயிருந்த உடம்பில் மயிர் பளபளத்தது. சூட்டுக் காலத்தில் ஆண் நாய்கள் பழக்கத்தில் வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, விஷயமில்லை என்று கலைந்துபோயின. வாசலில் சண்டை இல்லை, கடி இல்லை. முன்பு வருஷத்தில் பாதி நாள் வயிற்றோடும் குட்டிகளோடும் அல்லாடிய நாய், இப்போது சாப்பிட்டது, குரைத்தது, நிம்மதியாகத் தூங்கியது. எங்களுக்கு வாழப்பாடிக்கு மாற்றலானபோது கூடவே வண்டியில் ஏறி வந்தது. என் பெண்கள் அதன் காதைப் பிடித்துக்கொண்டு நடை பழகினார்கள்.

ஆனால் அது பிற்பாடு. ஆபரேஷனுக்கு அடுத்து வந்த தை மாதத்திலேயே தயிர்க்கார அம்மாள் மறுபடி வந்தார். எருமை போன பிறகு அவரைப் பார்க்கவே எனக்குக் கூசியது. தெருவில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். இப்போது அவர் கயிற்றில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். செவலையின் அதே முகம், அதே செந்நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. நான் கூடையில் வைத்து அனுப்பிய குட்டிதான். இரண்டு வெள்ளாடு பிடித்து மேய்ப்பதாகவும், அதற்கு இந்த நாய்தான் காவல் என்றும் சொன்னார். நாய் இன்னும் சூட்டுக்கு வரவில்லை. வருவதற்குள் செவலைக்குச் செய்ததை இதற்கும் செய்துவிட வேண்டும் என்று கேட்டார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு இந்தக் குட்டியை நான் கூடையில் வைத்தபோது உங்களுக்கு உண்மையில் வேண்டுமா வேண்டாமா, இப்போதாவது மனசில் உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரித்தார்.

"அன்னைக்கு வேண்டாமுன்னுதானுங்க இருந்துச்சு. உங்க மொகத்தப் பாத்து எப்படிங்க சொல்றது? ஆனா இன்னைக்கு நீங்களே திருப்பிக் கேட்டாலும் குடுக்க மாட்டனுங்க, அம்மிணி."

அந்தப் பக்கத்தில் என் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரிடமிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டேன். நாய் கண் விழிக்கும்வரை இங்கேயே இருங்கள் என்றேன். வேறு எங்கே போகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர் கொட்டகை நிழலில் உட்கார்ந்துகொண்டார்.